‘அன்ராவல்’ என்றால் சிக்கல் தீர்ந்ததா, கட்டுக்குலைந்ததா?

மேகவண்ணன்:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு ஆங்கில வினைச்சொல்லில் நேற்று வசமாக மாட்டிக்கொண்டேன். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை. பல மாதமாக இடியாப்பச் சிக்கலாகக் கிடந்த ஒரு ப்ராஜெக்டை எங்கள் குழுவிடம் கொடுத்தார்கள். ராத்திரி பகல் பார்க்காமல் உட்கார்ந்து மூன்றே வாரத்தில் அதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தோம். அந்தச் சந்தோஷத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் போட்டேன். ‘சின்ஸ் வி டுக் ஓவர், தி ப்ராஜெக்ட் ஹாஸ் அன்ராவல்ட்’ என்று ஒரு வரி. நாங்கள் கையில் எடுத்த பிறகு சிக்கல் அவிழ்ந்துவிட்டது என்பதுதான் என் மனதில் இருந்தது.

பத்தே நிமிடத்தில் போன் வந்தது. ‘எவ்வளவு சேதம்? எதையாவது காப்பாற்ற முடியுமா?’ என்று கேட்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அகராதியைத் திறந்தால் ‘சிக்கலை அவிழ், பிரி, புதிரை விடுவி’ என்றுதான் போட்டிருக்கிறது. நான் எழுதியதில் என்ன தப்பு? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

டீச்சரம்மா:
தம்பி, அகராதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறது. அன்ராவல் என்பதன் அடிப்படை, நூல் நூலாகப் பிரிவது. பிரிந்தது நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்ள, பிரிவதற்கு முன்னால் அந்த நூல் எந்த நிலையில் இருந்தது என்று பார்க்க வேண்டும்.

சிக்குப் பிடித்துக் கிடந்த நூல் பிரிந்தால் நமக்கு லாபம். அதனால் மர்மம், புதிர், குழப்பம் இவற்றோடு அன்ராவல் வந்தால் ‘தீர்ந்தது’ என்று பொருள். நெய்த துணியோ பின்னிய ஸ்வெட்டரோ பிரிந்தால் நஷ்டம். அதனால் திட்டம், ஒப்பந்தம், கூட்டணி, திருமணம், ஒருவருடைய உடல்நலம் இவற்றோடு வந்தால் ‘கட்டுக்குலைந்தது’ என்று பொருள். ப்ராஜெக்ட் என்பது ஆங்கிலக்காரர் காதுக்கு ஒரு நெசவு. பலர் சேர்ந்து நெய்த துணி. நீங்கள் எடுத்த பிறகு அது பிரிந்துவிட்டது என்று எழுதினால் அவர் பதறத்தானே செய்வார்?

ப்ராஜெக்ட் என்று போட்ட இடத்தில் ‘ப்ராஜெக்டில் இருந்த குழப்பம்’ என்று போட்டிருந்தால் இந்த போனே வந்திருக்காது.

மண்டிக்கடை:
டீச்சர் சொன்னதைப் படித்ததும் எங்கள் கடைதான் ஞாபகம் வந்தது. அரிசி மூட்டை வாயை மெஷினில் தைத்திருப்பார்கள், எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் சாதாரணத் தையல் மாதிரி இருக்கும், திருப்பிப் பார்த்தால் சங்கிலி சங்கிலியாக இருக்கும். தைத்து முடித்த முனையைக் கண்டுபிடித்து, கடைசிக் கண்ணியை விடுவித்து இழுத்தால் ‘சர்’ரென்று மொத்த நூலும் ஒரே இழுப்பில் கையோடு வந்துவிடும். ஒவ்வொரு கண்ணியையும் அடுத்த கண்ணிதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடைசிக்குப் பிடி இல்லாமல் போனதும் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் கழன்றுவிடும். அவசரத்தில் தைக்க ஆரம்பித்த முனையைப் பிடித்து இழுத்தீர்களோ, இறுகிக்கொள்ளும். அப்புறம் கத்தரிக்கோல்தான்.

இன்னொன்றும் கவனித்தேன். தைத்த மூட்டையை நாங்கள் ‘பிரி’ என்போம். கயிறு போட்டுக் கட்டிய மூட்டையை ‘அவிழ்’ என்போம். கடைப் பையன்கூட மாற்றிச் சொல்ல மாட்டான். இந்த அன்ராவல் இரண்டில் எது?

டீச்சரம்மா:
அருமையான கேள்வி. அன்ராவல் முதலில் ‘பிரி’. நீங்கள் சொன்ன அந்த ‘சர்’ என்று போகும் தையல் இருக்கிறதே, அதுதான் அதன் அசல் படம். கட்டிய முடிச்சுக்கு ஆங்கிலத்தில் அன்டை என்று தனிச்சொல் இருக்கிறது. நம் அகராதிகள் ‘அவிழ்’ என்பதை முதலில் போட்டதால்தான் மேகவண்ணன் தம்பிக்கு இந்தக் கஷ்டம்.

தார்ச்சாலை:
எனக்குத் தெரிந்த இலக்கண விதி ஒன்று. ஆள் எழுவாயாக வந்தால் நல்லது: ‘ஷி அன்ராவல்ட் தி மிஸ்டரி’. பொருள் தானாக அன்ராவல் ஆனால் கெட்டது: ‘தி டீல் அன்ராவல்ட்’. இப்படி வைத்துக்கொண்டால் போதாதா?

டீச்சரம்மா:
நிறைய இடத்தில் இது பொருந்தும், ஆனால் நம்பி இறங்க முடியாது. ‘தி மிஸ்டரி அன்ராவல்ட்’ என்றால் ஆள் இல்லாமலே நல்லது. ‘ஒரே அறிக்கையால் பத்து வருட உழைப்பை அன்ராவல் செய்துவிட்டார்’ என்றால் ஆள் இருந்தும் கெட்டது. இதற்கு முன் சிக்காக இருந்ததா, துணியாக இருந்ததா என்ற கேள்வியைத்தான் நான் நாற்பது வருடமாக வகுப்பில் கேட்டுவந்தேன். அது இதுவரை கைவிட்டதில்லை.

உங்கள் விதியில் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது. தமிழில் அவிழ்ந்தது, அவிழ்த்தேன் என்றும், பிரிந்தது, பிரித்தேன் என்றும் தன்வினைக்கும் பிறவினைக்கும் வடிவமே மாறும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே அன்ராவல்ட். வடிவம் காட்டிக்கொடுக்காதபோது பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ரோட்டர்டாம் தமிழ்:
இந்தச் சொல் நான் வாழும் ஊர்ப் பக்கத்திலிருந்து போனதுதான். டச்சு மொழியில் ராஃபல் என்றால் துணி ஓரத்தில் தொங்கும் பிசிறு. இன்றைக்கும் புழக்கத்தில் உள்ள சொல். ஊரின் விளிம்பில், பாதி தொழிற்சாலையும் பாதி வெறும் நிலமுமாக ஒழுங்கில்லாமல் கிடக்கும் பகுதியை ‘ராஃபல்ராண்ட்’ என்பார்கள். பிசிறு விட்ட ஓரம் என்று அர்த்தம். டிராமில் போகும்போது அந்த இடங்களைப் பார்த்தால் எவ்வளவு பொருத்தமான பெயர் என்று தோன்றும்.

அந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் ‘ராவல்’ என்று போனது. போனபோதே இரண்டு பொருள்: பிரி என்றும் ஒன்று, சிக்காக்கு என்றும் ஒன்று. நேரெதிர்! அப்புறம் கொஞ்ச காலத்திலேயே ‘அன்’ சேர்த்து அன்ராவல் வந்தது. ராவலுக்கு ‘பிரி’ என்ற பொருள் இருக்கும்போது அன்ராவலுக்கும் அதே பொருள். எதிர்ச்சொல் ஆக்கும் முன்னொட்டைச் சேர்த்தும் பொருள் மாறவில்லை. லூஸ், அன்லூஸ் இரண்டும் தளர்த்துவதையே சொல்வது மாதிரி.

தறிவீடு:
நேரெதிர் என்று சொல்கிறீர்கள். தறிக்காரர் வீட்டில் பிறந்த எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. துணியிலிருந்து நூலை உருவிப் பாருங்கள். துணி பிரியும். பிரிந்த நூல் என்ன ஆகும்? கீழே விழுந்து சிக்காகும். ஒரே வேலைதான் இது. துணியைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குப் பிரிகிறது, தரையைப் பார்ப்பவனுக்குச் சிக்காகிறது. இரண்டு பொருளும் ஒரே கையிலிருந்து வந்தவை.

சின்ன வயதில் பாட்டியோடு உட்கார்ந்து தார் சுற்றுவேன், அதாவது நெசவுக்கான நூலைச் சின்னக் குழலில் சுற்றுவது. சிட்டத்தில், அதாவது வளையமாகச் சுற்றிவைத்த நூல் கற்றையில், எங்காவது சிக்கு விழுந்தால் பாட்டி இழுக்கவே விட மாட்டார். ‘இழுக்காதே, உதறு’ என்பார். சிக்கு விழுந்த இடத்தை இரண்டு கைக்கும் நடுவில் வைத்து, விரலால் லேசாக அகட்டி அகட்டி விடுவார். சிக்குக்குள் காற்று போகிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் ஒரு வளையம் பெரிதாகி அதற்குள்ளிருந்து நுனி தெரியும். நுனி தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பட்டு என்றால் இன்னும் பொறுமை வேண்டும். முறுக்கு ஏற்றிய நூலாவது சொன்னபடி கேட்கும். முறுக்கேறாத பட்டிழை விரலின் சொரசொரப்பிலேயே ஒட்டிக்கொண்டு வரும். வேலைக்கு உட்காரும் முன் பாட்டி உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொள்வார்.

டீச்சரம்மா:
முறுக்கேறாத பட்டிழை என்றீர்களே, உடம்பு சிலிர்த்துவிட்டது. ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தில் ராஜாவைக் கொன்றுவிட்டு வந்தவன் இனித் தனக்குத் தூக்கமே இல்லை என்று புலம்புவான். கவலையால் ‘ராவல்’ ஆன ஒன்றைத் தூக்கம்தான் திரும்பப் பின்னித் தரும் என்பான். எது ராவல் ஆனது? 1623ஆம் ஆண்டுப் பதிப்பில் இருக்கும் எழுத்தைப் பார்த்தால் சட்டைக்கை என்று படிக்கத் தோன்றும். ஆனால் அது ‘ஸ்லீவ்’ என்ற இன்னொரு பழைய சொல், முறுக்கேறாத பட்டிழை என்று பொருள் என்பதுதான் பதிப்பாசிரியர்களில் பெரும்பாலோர் கொண்ட முடிவு. வருடா வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், அந்தப் பட்டிழை விரலில் எப்படி ஒட்டும் என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பாட்டிக்கு என் நமஸ்காரம்.

கரூர் ஆய்வகம்:
ராவல் என்ற பழைய சொல் செத்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். துணிப் பரிசோதனைக் கூடத்தில் நான் தினமும் ராவல் செய்கிறேன். துணி எவ்வளவு இழுவை தாங்கும் என்று பார்க்க நீளப் பட்டையாக வெட்டி மெஷினில் மாட்டி இழுப்போம். அகலம் சரியாக 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கத்தரியால் நேராக 50க்கே வெட்டினால் ஓரத்து இழைகள் பாதியில் அறுபட்டிருக்கும், அவை பலம் தராது. அதனால் கொஞ்சம் அகலமாக வெட்டிக்கொண்டு, இரண்டு ஓரத்திலிருந்தும் ஊசிமுனையால் ஒவ்வொரு இழையாக உருவிக்கொண்டே வருவோம். நடுவில் முழு இழைகளாக 50 மில்லிமீட்டர் நிற்கும், இரண்டு பக்கமும் குஞ்சம் மாதிரி தொங்கும். இதற்கு ‘ராவல்ட் ஸ்ட்ரிப்’ என்று பெயர். இங்கே ராவல் என்றால் உருவுவது, சந்தேகமே கிடையாது.

தார்ச்சாலை:
அட, எங்கள் துறையிலும் இருக்கிறது! தார்ச்சாலையின் மேற்பரப்பில் தாரின் பிடிப்பு விட்டு ஜல்லி ஒவ்வொன்றாகப் பெயர்ந்து வருவதை ‘ராவலிங்’ என்போம். முதலில் பொடி ஜல்லி போகும், மேல்பரப்பு சொரசொரப்பாகும். அப்புறம் பெரிய ஜல்லி. கவனிக்காமல் விட்டால் அது பள்ளத்தில்தான் போய் முடியும். இத்தனை வருடம் இந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன், நூலோடு சேர்த்து யோசித்ததே இல்லை. ஒரு ஜல்லி போனதும் பக்கத்து ஜல்லிக்குப் பிடி போய்விடுகிறது. அரிசி மூட்டைக் கண்ணி கதையேதான்.

வரிசை எண்:
பைத்தான் நிரல்மொழியில் எண் கணக்குகளுக்கான ‘நம்பை’ என்ற நிரல் தொகுப்பைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு தகவல். அங்கே ராவல் என்றால் பல பரிமாண அணியை ஒரே நீள வரிசையாக்குவது. துணியை உருவி ஒற்றை நூலாக்குகிற மாதிரி. ஏபிஎல் என்ற பழைய நிரல்மொழியிலும் இதே செயலுக்கு இதே பெயர். ஆனால் ‘அன்ராவல் இன்டெக்ஸ்’ என்று நம்பையில் இன்னொரு செயல் இருக்கிறது. அது நேர் எதிர்த் திசையில் போகும்: நீள வரிசையில் ஒரு இடத்தின் எண்ணைக் கொடுத்தால், அணியில் அது எந்த வரிசை எந்தப் பத்தி என்று சொல்லும். 3 வரிசை 4 பத்தி உள்ள அணியில் 7 என்று கொடுத்தால் (1, 3) என்று வரும், பூஜ்யத்திலிருந்து எண்ணினால். ஆக, ‘பிரி’ என்ற பொருளுள்ள ராவலோடு சேர்ந்தும் ஆங்கிலத்தில் பொருளை மாற்றாத அந்த ‘அன்’, இங்கே நிஜமாகவே எதிர்ப்பொருள் தருகிறது.

ஊசிநூல்:
கனடாவிலிருந்து எழுதுகிறேன். குளிருக்குப் பின்னல் வேலை பழகியதில் எனக்குத் தெரிந்தது. பின்னியது தப்பாகிவிட்டால் ஊசியை உருவிவிட்டு நூலைப் பிடித்து மொத்தமாக இழுத்துப் பிரிப்பதை இங்கே பின்னல்காரர்கள் அன்ராவல் என்பதை விட ‘ஃப்ராக்’ என்றுதான் சொல்வார்கள். ‘ரிப் இட், ரிப் இட்’ என்பது இங்கிலீஷ் தவளை கத்துகிற மாதிரி இருப்பதால் வந்த பெயர். ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கிப் போய்த் திருத்துவதற்கு ‘டிங்க்’ என்று பெயர், நிட் என்பதன் எழுத்துகளைத் தலைகீழாகப் போட்டது. பிரித்த நூல் நெளிநெளியாக இருக்கும். அதை நனைத்து, சிட்டமாகச் சுற்றி, தொங்கவிட்டு உலர்த்தினால்தான் திரும்பப் பின்ன முடியும். போன குளிரில் என் மகனுக்குப் பின்னிய ஸ்வெட்டரை முக்கால்வாசி முடித்த பிறகு பிரித்தேன். அழுகை வந்தது. ஆனால் நூல் அப்படியே கிடைத்தது. அன்ராவல் என்பது எப்போதுமே நஷ்டம்தான் என்று என்னால் சொல்ல முடியாது.

செய்தி மேசை:
நான் செய்திகளை மொழிபெயர்க்கும் வேலையில் இருக்கிறேன். இந்தச் சொல் வாரத்துக்கு இரண்டு தடவையாவது வருகிறது. ‘கூட்டணி அன்ராவல் ஆகிறது’ என்று வந்தால் ‘கூட்டணி உடைகிறது’ என்று போட்டுவிடுவோம். இதில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா?

தறிவீடு:
எனக்கு உண்டு. உடைவது பானை. ‘டப்’ என்று ஒரே சத்தம், முடிந்தது. பிரிவது அப்படி இல்லை. ஒரு நுனி கழன்று, கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்த முடியாமல் போவது. முதலில் ஒரு கட்சி முணுமுணுக்கும், அப்புறம் ஒரு கூட்டத்துக்கு வராது, அப்புறம் இன்னொரு கட்சி. ஆங்கில நிருபர் அந்த மெதுவைச் சொல்லத்தான் கொலாப்ஸ் என்று போடாமல் அன்ராவல் என்று போட்டிருப்பார். நீங்கள் உடைத்துவிட்டால் அது போச்சு.

செய்தி மேசை:
ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ‘கூட்டணி பிரிகிறது’ என்று போட்டால் சுமுகமாகப் பேசிப் பிரிந்த மாதிரி இருக்கிறதே?

டீச்சரம்மா:
‘குலை’ என்ற வினையை ஏன் எல்லாரும் மறந்தோம்? கட்டுக்குலைகிறது, நிலைகுலைகிறது, சீர்குலைகிறது. ஒழுங்காக அடுக்கி வைத்த ஒன்று ஒழுங்கு கெட்டுப் போவதற்கு நம்மிடம் இருக்கும் சரியான சொல் இதுதான். ‘கூட்டணி கட்டுக்குலைகிறது’ என்று போடுங்கள். மெதுவும் இருக்கும், நஷ்டமும் இருக்கும். ஒருவன் சொன்ன பொய் அன்ராவல் ஆனால் மட்டும் இது பொருந்தாது. அங்கே சாயம் வெளுத்தது, குட்டு வெளிப்பட்டது என்று நம் வழக்கம் வேறு. புதிருக்கு வந்தால் விடுவித்தது. துப்பறியும் கதை என்றால் முடிச்சு அவிழ்ந்தது. ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடுகிற வரைக்கும் இந்தத் தொல்லை தீராது.

செய்தி மேசை:
‘கட்டுக்குலைகிறது’. குறித்துக்கொண்டேன், நன்றி அம்மா. துப்பறியும் கதை என்றீர்கள், அதில் ஒன்று சேர்க்கிறேன். துப்பு என்று நாம் சொல்லும் ‘க்ளூ’ ஆங்கிலத்தில் முதலில் நூல்கண்டு என்றுதான் பொருள்பட்டது. கிரேக்கக் கதையில் தீசியஸ் சுழல்வழி மாளிகைக்குள் போகும்போது அரியாட்னி ஒரு நூல்கண்டைக் கொடுத்தனுப்புவாள். அதை விட்டுக்கொண்டே போய், அரக்கனைக் கொன்றுவிட்டு, அதே நூலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவான். அதிலிருந்துதான் வழிகாட்டும் தடயம் என்ற பொருள் வந்தது. நாமும் ‘நூல் பிடித்துக்கொண்டு போய்க் கண்டுபிடித்தார்’ என்றுதானே சொல்கிறோம்.

டீச்சரம்மா:
அந்த வரிசையில் இன்னும் இருக்கிறது. ‘அனலிசிஸ்’ கிரேக்கத்தில் அவிழ்த்துவிடுவது. ஒடிசி என்ற கிரேக்கக் காவியத்தில், ஊர் திரும்பாத கணவனுக்காகக் காத்திருந்த பெனலோப்பி மாமனாருக்குக் கோடித்துணி நெய்வதாகச் சொல்லி, பகலில் நெய்ததை ராத்திரி விளக்கு வைத்துப் பிரித்து, மூன்று வருடம் மாப்பிள்ளைக் கூட்டத்தைத் தள்ளிவைத்தாள். அவள் பிரித்ததைச் சொல்லும் வினையும் அனலிசிஸ் பிறந்த அதே வினைதான். ‘சால்வ்’ லத்தீனில் தளர்த்தி விடுவது. நம் ‘விடை’யும் ‘விடு’ என்பதிலிருந்து வந்ததுதான், விடுகதையும் அப்படியே. கேள்வியை முடிச்சாகவும் பதிலை விடுவிப்பாகவும் பார்த்தவர்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மொழிகளிலும் இருந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் நிறைந்துவிடும்.

மேகவண்ணன்:
ஒரு மின்னஞ்சல் வரியிலிருந்து இவ்வளவு வருமென்று நினைக்கவே இல்லை. எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. அன்டாங்கிள், டிஸ்என்டாங்கிள், அன்பிக் எல்லாம் இதே பொருள்தானா? திருத்தி எழுதும்போது எதைப் போடட்டும்?

டீச்சரம்மா:
அன்டாங்கிள் என்றால் சிக்கெடுப்பது. தலைமுடி, ஒயர், மீன்வலை, கணக்குவழக்கு எல்லாவற்றுக்கும் வரும். முன்பு இருந்தது சிக்குதான் என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுவதால் பயமில்லை. டிஸ்என்டாங்கிள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்து எடுக்கும்போது: முள்ளில் மாட்டிய புடவையை விடுவிப்பது, வதந்தியிலிருந்து உண்மையைப் பிரிப்பது, ஒரு வம்பிலிருந்து நம்மைக் கழற்றிக்கொள்வது. அன்பிக் தையல்காரர் சொல். தையலை ஒவ்வொன்றாக வெட்டிப் பிரிப்பது. பிரிட்டனில் ஒப்பந்தத்தையோ சட்டத்தையோ ஷரத்து ஷரத்தாகப் பிரித்து ரத்து செய்வதற்கும், ஒரு வாதத்தைக் கூறு கூறாக ஆராய்வதற்கும் எழுதுவார்கள்.

உங்களுக்கு அன்டாங்கிள் போதும். ‘வி ஹாவ் அன்டாங்கிள்ட் தி ப்ராப்ளம்ஸ் இன் தி ப்ராஜெக்ட்’ என்று எழுதுங்கள். எழுவாயாக நீங்கள் இருங்கள், செயப்படுபொருளாகச் சிக்கல் இருக்கட்டும்.

ரோட்டர்டாம் தமிழ்:
கூடவே ஒரு சின்ன விஷயம். அன்ராவல்ட் என்று எழுத நேர்ந்தால் பிரிட்டன் வழக்கில் இரண்டு ‘எல்’, அமெரிக்க வழக்கில் ஒன்று. இன்னொரு குழப்பமும் அடிக்கடி பார்க்கிறேன்: புது போனை அறிமுகப்படுத்துவதற்கு ‘அன்வெயில்’ என்று எழுத வேண்டிய இடத்தில் அன்ராவல் என்று போட்டுவிடுகிறார்கள். அன்வெயில் என்றால் திரையை விலக்குவது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

மேகவண்ணன்:
டீச்சர் சொன்ன வரியை அப்படியே அனுப்பிவிட்டேன். ‘இப்போதுதான் மூச்சு வந்தது’ என்று பதில் வந்திருக்கிறது. அமெரிக்கர், அதனால் ஒரு ‘எல்’ என்று மனதில் வைத்துக்கொள்கிறேன்.

மண்டிக்கடை அண்ணா, இன்று வீட்டில் புது அரிசி மூட்டை. முதலில் பிடித்தது தப்பான முனை, இறுகிவிட்டது. மறுமுனைக்குப் போய்ச் சங்கிலிப் பக்கத்தைத் திருப்பி, கடைசிக் கண்ணியை நகத்தால் நெம்பி எடுத்து இழுத்தேன். ஒரே இழுப்பில் வந்தது. அந்த நூலைச் சுற்றி மேஜை மேல் வைத்திருக்கிறேன்.